வெறுங்கால் நேர்ச்சை

அனிட்டா அம்மாவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து போனில் நன்றாக இருக்கிறேன் என்றேன். அதை நம்பி நீ கூட்டத்தோடு வேளாங்கண்ணிக்கு நடந்துகொண்டிருப்பாய். நட.

பூதலூரில் கிளம்பும்போது, "சுகர் இருக்குங்க, செருப்பு போட்டுக்கங்க" என்றாய். "மாதாகிட்ட செருப்போட போறதுக்குப் பேரு நேர்ச்சையா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். இரும்புக் கம்பி வைத்த காலிபர் பூட்ஸோடு நின்ற உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

தார் ரோடு கொதித்தது எனக்கு உறைக்கவே இல்லை. மாதாவின் கருணை என்று நினைத்தேன். மரத்துப்போன கால் அது. பின்னால் வந்த நீ ரோட்டில் ரத்தத் தடத்தைப் பார்த்துக் கூப்பிட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

உன் போலியோ கால் சரியாக வேண்டும் என்றுதான் நேர்ந்துகொண்டேன். நீ அதை ஒருநாளும் கேட்டதில்லை. இத்தனை வருஷமாக நீ கேட்டதெல்லாம், "கொஞ்சம் மெதுவா நடங்க" என்பது மட்டும்தான்.

சாப்பாட்டு வேன் ஓட்டும் ரெமிஜியஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்குக் காலில் ஆபரேஷன் என்கிறார் டாக்டர். அனிட்டா கூட இருக்கிறாள், நீ பாதியில் திரும்பாதே.

வரும் வழியில், தஞ்சாவூரில் உனக்குப் பூட்ஸ் தைப்பவரிடம், ஆம்பளைக் காலுக்கும் செய்வாரா என்று கேட்டுவிட்டு வா.

உன் வீட்டுக்காரன்