இருநூற்று ஒன்று

மெரிடன், டாஸ்மேனியா
11 மார்ச் 2012

அன்புத் தம்பி டெஸ்மண்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் மாரியனும் சுகம்தானே? போனில் கேட்டால் "பாக்கலாம்க்கா, பாக்கலாம்" என்று சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எங்கள் ரத்த தான வண்டி உங்கள் பென்வுட்டுக்கு வருஷத்தில் இரண்டு தடவை வருகிறது. போன தடவை பள்ளிக்கூட டீச்சர்கள் வந்தார்கள், பால்பண்ணைக்காரர்கள் வந்தார்கள், பாதிரியார்கூட வந்தார். நீ தலைவராக இருக்கிற சைக்கிள் சங்கத்திலிருந்து ஒரு ஆள்? முப்பத்தொரு பேர், ஒவ்வொருத்தனுக்கும் தூண் மாதிரி கால், ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை! இறைச்சிக்கடை ஆர்ச்சியைத் தெருவில் மடக்கிக் கேட்டேன். "ரத்தம் குடுத்தா ஒரு மாசத்துக்கு மலை ஏற முடியாது சிஸ்டர். எனக்குப் பின்னாடி வர்றவன்லாம் முன்னாடி போயிடுவான்" என்றான். "உனக்குப் பின்னாடி யாருடா வர்றான்?" என்று கேட்டேன். சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

போன வருஷம் மரலாரி இடித்துத் தள்ளியபோது உங்கள் சங்கத்து ரெக்ஸுக்கு ஒன்பது பை ரத்தம் ஏற்றினார்கள். அந்த ஒன்பதும் யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்தது. சைக்கிளில் போகிறவனுக்கு எந்த நாளும் அந்தத் தேவை வரலாம்.

மே 5 சனிக்கிழமை வண்டி அங்கே வருகிறது. உங்களுக்கும் போட்டிகள் எல்லாம் முடிந்திருக்கும். அன்றைய சவாரியை வழக்கம்போல் பேக்கரியில் முடிக்காமல் எங்கள் வாசலில் முடியுங்கள். மெதுவாக ஓட்டி வரவேண்டும், நிறையத் தண்ணீர் குடித்திருக்கவேண்டும், திரும்பும்போது சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு போகவேண்டும். ரத்தம் கொடுத்துவிட்டு மலை இறங்குகிற வீரமெல்லாம் வேண்டாம்.

உன் அக்கா,
கோரலி


பென்வுட்
20 மார்ச் 2012

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சங்கக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தேன். ஆர்ச்சி பற்றிய இடத்தில் எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அவனே எழுந்து, "சரி, மானம் போனப்புறம் ரத்தம் போனா என்ன, பேரை எழுதிக்கோங்க" என்றான். இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். திருப்தியா?

என்னை மட்டும் விட்டுவிடு. மற்றவர்களுக்குப் போட்டி முடிந்துவிடும். எனக்கு மே 27-ல் மாநில அளவில் மூத்தோர் போட்டி இருக்கிறது. நான் பிஸ்கட் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

செய்தி கேள். ஞாயிறன்று மலைப் போட்டியில் எனக்கு முதலிடம்! நாற்பது வயதில் ஏறியதைவிட இரண்டு நிமிஷம் குறைவு. இருபத்தெட்டு வயதுப் பயல் ஒருத்தன் மூச்சு வாங்கிக்கொண்டு, "தலைவரே, என்னதான் சாப்பிடுறீங்க?" என்றான். "ஓட்ஸ் கஞ்சிடா" என்றேன். ஐம்பத்தொன்று அக்கா எனக்கு! இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

மாரியன் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி,
டெஸ்


மெரிடன்
7 மே 2012

அன்பு டெஸ்,

இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். ஒருத்தன்கூடக் கழன்றுகொள்ளவில்லை. பையை நிரப்புவதிலும் யார் முதல் என்று பந்தயம் கட்டினார்கள், நான் அதட்டவேண்டியிருந்தது. அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதவேண்டும் என்று ஆசை. முடியவில்லை.

"தலைவர்! தலைவர்!" என்று உன் ஆட்கள் கத்தியபோது நீ வெளுத்துப்போனாய். பிஸ்கட் தட்டைப் பிடுங்கிவிட்டு அவர்கள்தான் உன்னை வண்டிக்குள் தள்ளினார்கள். மூன்று நர்ஸ்கள் இருந்தும் நீ என் நாற்காலிக்கு வந்தாய். அக்கா என்றால் வாயை மூடிக்கொள்வாள் என்று நினைத்தாயா?

அதற்கு முன் ஒரு மணி நேரம் நீ தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாய். மூன்று பாட்டில். சொன்னபடி கேட்கிறானே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். இப்போதுதான் புரிகிறது, கெட்டியான ரத்தத்தைத் தண்ணீர் விட்டு மறைக்கப் பார்த்தாய். தள்ளிவிட்டால் தப்பமுடியாது என்று உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

விரலில் குத்தினேன். மிஷின் ஹீமோகுளோபின் இருநூற்று ஒன்று என்றது. இன்னொரு கையில் குத்தினேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஆண்களுக்கு நூற்றெண்பதைத் தாண்டினாலே நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம். "இன்று வேண்டாம்" என்று தாளில் எழுதினேன். நீ வெளியே போய், "இரும்புச் சத்து கம்மியாம்" என்றாய். ஆர்ச்சி பாவம், உனக்கு ஈரல் எடுத்துவைப்பதாகச் சொன்னான்.

இருபத்தாறு வருஷம் இந்த வேலை பார்க்கிறேன். உனக்கு ஏதோ ரத்த நோய் இருக்கிறது, இல்லை நீ ஏதோ போட்டுக்கொள்கிறாய். எதுவாக இருந்தாலும் ஆபத்துதான். நாளைக்கே டாக்டரிடம் போ. போனேன் என்று ஒரே ஒரு வரி எழுது.

அக்கா


பென்வுட்
11 மே 2012

அக்கா,

உங்கள் மிஷின் கோளாறு. மூன்று பாட்டில் குடித்தது நீ சொல்லித்தான். எனக்கு எந்த நோயும் இல்லை, கண்ணாடியில் பார்த்தால் தெரிகிறது. இந்தப் பேச்சை இத்தோடு விடு.

மாரியனிடம் ஒரு வார்த்தை போகக்கூடாது. நாற்காலியில் உட்கார்ந்தவனைப் பற்றி வெளியே பேசமாட்டோம் என்று நீதான் எங்கள் கூட்டத்துக்கு அச்சடித்த தாள் அனுப்பினாய். நான் அதைத்தான் நம்பினேன்.

டெஸ்


மெரிடன்
15 மே 2012

டெஸ், என் கண்ணே,

"எனக்கு நோய் இல்லை" என்று எழுதினாய். "எதுவும் போட்டுக்கொள்ளவில்லை" என்று எழுதவில்லை. உனக்கு எப்போதும் என்னிடம் நேராகப் பொய் சொல்ல வராது.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் ஊறப் போடுகிற ஊசிதானே? ரத்தம் கூடினால் மலையில் மூச்சு வாங்காது என்றுதானே? இன்டர்நெட்டில் பணம் கட்டினால் தபாலில் வருமாமே. கொட்டகையில் மீன் இரை வைக்க என்று நீ பூட்டிவைத்திருக்கிற குட்டி ஃப்ரிட்ஜைப் பற்றி மாரியன் கிறிஸ்துமஸின்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். "இவர் எப்பக்கா மீன் பிடிச்சாரு?" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அடப்பாவி, என்னையும் சிரிக்கவைத்தாயே.

இதில் உன்னைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லை. பயம்தான் இருக்கிறது. ரத்தம் கூழாகிவிட்டால் அது எங்கே வேண்டுமானாலும் நின்றுவிடும். காலில் நிற்கும், நெஞ்சில் நிற்கும், மூளையில் நிற்கும். திடமாக இருக்கிற ஆள் ராத்திரி படுத்தால் எழுந்திருக்கமாட்டான். காலையில் போன் அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. அடிக்காவிட்டாலும் பயமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை டெஸ்.

மாரியனுக்குச் சொல்ல நான்கு முறை போனை எடுத்துவிட்டேன். நான்கு முறையும் வைத்துவிட்டேன். சொன்னால் என் வேலை போகும், அதுகூடப் பரவாயில்லை. நம்பி விரலை நீட்டினவன் விஷயத்தை நர்ஸ் வெளியே சொல்லிவிட்டாள் என்று தெரிந்தால், உன் ஆட்கள் இருபத்திரண்டு பேரும் இனி எந்த வண்டிக்கும் வரமாட்டார்கள். அவர்களை வரவழைக்க எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று உனக்குத் தெரியும்.

அதனால் நீயே போ. வைத்தியம் என்ன தெரியுமா? அதே மாதிரி நாற்காலி, அதே மாதிரி ஊசி, ஒரு பை எடுத்துவிடுவார்கள். யாருக்கும் ஏற்றாமல் கொட்டிவிடுவார்கள். அவ்வளவுதான். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


பென்வுட்
20 மே 2012, ஞாயிறு

அக்கா,

சரி. உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இனி மறைக்கிறதில் அர்த்தமில்லை.

போன செப்டம்பரில் ஆரம்பித்தேன். ஐம்பது வயதானதும் சனிக்கிழமைக் கூட்டம் என்னை விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தது. மேட்டில் ஒவ்வொருத்தனாகத் தாண்டிப் போவான், போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவான். உதவியாம். "விடுங்க தலைவரே, வயசாச்சுல்ல" என்பான். அந்தக் கை என் முதுகில் படுவதை என்னால் பொறுக்கமுடியவில்லை. உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும்.

27-ம் தேதி முடியட்டும். அதற்குப் பிறகு தொடமாட்டேன், சத்தியம். புதன்கிழமை ஒன்றே ஒன்று பாக்கி. ஏழு நாள் பொறுத்துக்கொள்.

நன்றாகத்தான் இருக்கிறேன். இடது கெண்டைக்கால் மட்டும் வியாழனிலிருந்து வலிக்கிறது, கொஞ்சம் வீங்கிச் சூடாக இருக்கிறது. சீட்டை மூன்று மில்லிமீட்டர் ஏற்றினேன், அதனால்தான். நேற்று இரண்டு மில்லிமீட்டர் இறக்கிவிட்டேன், சரியாகிவிடும்.

டெஸ்


மெரிடன்
22 மே 2012

டெஸ்,

உன் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது. கெண்டைக்கால் வரி வந்ததும் மேலே படிக்கவில்லை. மாரியனை அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் போனில் பிடித்துவிட்டேன். எல்லாம் சொல்லிவிட்டேன். நம்பர், ஊசி, ஃப்ரிட்ஜ், கால், எல்லாம். "அவனை நடக்கவிடாதே, சைக்கிளைத் தொடவிடாதே, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ" என்றேன். அவள் அழவில்லை. "கார் சாவி எடுத்துட்டேன் அக்கா" என்றாள்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடானால் அது சீட்டின் உயரம் இல்லை. சைக்கிள்காரனுக்குத்தான் எந்த வலிக்கும் ஒரு திருகாணி காரணமாகத் தெரியும்.

பிறகு என் மேலதிகாரியிடம் போய் நான் செய்ததை நானே எழுதிக்கொடுத்தேன். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதை எழுதும்போது நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாயா, வழியில் இருக்கிறாயா, தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரமுடியாமல் எழுதுகிறேன். டெஸ், தயவுசெய்து இரு. என்னைத் திட்டவாவது இரு.

அக்கா


பென்வுட்
3 ஜூன் 2012

கோரலி,

மாரியன் எழுதச் சொல்லி வற்புறுத்துவதால் எழுதுகிறேன்.

காலில் ரத்தம் கட்டியிருந்தது. முழங்கால்வரை. ஒரு துணுக்கு நுரையீரலுக்கும் போயிருந்ததாம். இரண்டு பை எடுத்துக் கொட்டினார்கள். ஒன்பது நாள் படுக்கவைத்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், மாரியன் அறையைவிட்டுப் போய்விட்டாள்.

நீ சொன்னது சரி. சரி என்பதால் நான் உன்னை மன்னித்துவிடுவேன் என்று நினைக்காதே. மாரியன் என்னோடு ஒரே மேஜையில் உட்காருவதில்லை. அவளுக்கு நானே சொல்லியிருப்பேன். அந்த ஒரு வாய்ப்பையும் நீ பிடுங்கிவிட்டாய்.

சங்கத்தாரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். தலைவர் பதவி, மலைப் போட்டிக் கோப்பை, எல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. யாரும் கத்தவில்லை. ஆர்ச்சி என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்தே பேசினான். உன்னை ஏன் வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். "அப்ப நம்ம விரலைக் குத்தினாலும் ஊருக்கெல்லாம் சொல்லுவாங்களா?" என்று ஒருத்தன் கேட்டான். "எனக்குத் தெரியாது" என்றேன். நவம்பரில் வண்டி வரும்போது எத்தனை பேர் வருவார்கள் என்று நீயே எண்ணிக்கொள்.

இனி எனக்கு எழுதாதே. அக்கா என்று கீழே போட்டு ஒரு கடிதமும் இந்த வீட்டுக்கு வரவேண்டாம். எனக்கு அக்கா இல்லை.

டெஸ்மண்ட் ஹார்வுட்


மெரிடன்
7 ஜூன் 2012

டெஸ்,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், கடைசி.

உன் ஆட்கள் நவம்பரில் வராமல் போனால், இருபத்திரண்டு பை இல்லாமல் எங்கோ யாரோ காத்துக்கிடப்பார்கள். அதுவும் எனக்குத் தெரிந்துதான் போனை எடுத்தேன். நான் செய்தது தப்பு என்று விசாரணையில் சொன்னார்கள், நானும் ஆமாம் என்றேன். மறுபடி செய்வாயா என்று கேட்டார்கள். அதற்கும் ஆமாம் என்றேன். வேலை போய்விட்டது.

ஆர்ச்சிக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். நாற்காலிப் பக்கத்தில் இனி நான் இருக்கமாட்டேன், வேறு நல்ல நர்ஸ் இருப்பாள், என் மேல் உள்ள கோபத்தை ரத்தம் தேவைப்படுகிறவர்கள் மேல் காட்டவேண்டாம் என்று எழுதினேன். வருவானோ மாட்டானோ.

உன்னால் எழுதமுடியாமல் மாரியன் எழுதியிருப்பாளோ என்று உறையைப் பிரிக்கும்போது பயந்தேன். உள்ளே உன் எழுத்து. எடுத்தவுடன் என்ன எழுதியிருக்கிறாய் என்று நான் படிக்கவில்லை. எழுத்தைத்தான் பார்த்தேன். வரி சாயவில்லை. ஒரு எழுத்தும் நடுங்கவில்லை. "எனக்கு அக்கா இல்லை" என்ற இடத்தில் பேனாவை நன்றாக அழுத்தியிருக்கிறாய், தாளின் பின்பக்கம் தடவினால் தெரிகிறது. கையில் பலம் இருக்கிறது, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். படித்து அழுதேன். அழுதுவிட்டு ஒரு தட்டுச் சோறு முழுசாகச் சாப்பிட்டேன், ஒரு மாதத்தில் முதல் தடவையாக.

கீழே அக்கா என்று போடக்கூடாது என்றாய். போடவில்லை.

கோரலி