உன் பல்லவியில் ஒரு பள்ளம்

மச்சான்,

இன்று காலை கஹவத்தையில் என் த்ரீவீலில் ஏறிய மூன்று பெண்பிள்ளைகளும் உட்கார்ந்த கையோடு போனில் உன் பாட்டைப் போட்டுவிட்டார்கள். பல்லவி வந்ததும் கூடவே பாடினார்கள். கடைசி வரியில் எல்லோரும் விழுகிற அதே பள்ளத்தில் இவர்களும் விழுந்தார்கள். அங்கே கிட்டார், டிரம்ஸ், உன் குரல் எல்லாமே ஒரு அடி நேரம் வாயை மூடிக்கொள்ளும். இவர்கள் நிற்காமல் அடுத்த வரிக்குத் தாவிவிட்டார்கள். பாட்டு பின்னால் ஓடி வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வழக்கம்போல வயிறு எரிந்தது.

காமன் கூத்துக்கு நாம் தப்படித்தது ஞாபகம் இருக்கிறதா? தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு எதிரெதிரே நிற்போம். நீ வேகமாக ஓட்டிவந்து, முடிகிற இடத்தில் ஒரு அடியை வேண்டுமென்றே விடுவாய். அதை நான் போட்டு மூடுவேன். "நான் விட்டா நீ எடுக்கணும்டா" என்பாய். நம் தேயிலைத் தோட்டத்தில் வேறு யாருக்கும் அது பிடிபடவே இல்லை.

அப்புறம் நீ கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பெல்மதுளைக்குப் போய், சிங்களப் பொடியன்களோடு ரொக் பேண்ட் சேர்ந்தாய். அல்பம் வந்த அன்று முதல் வேலையாக என் வண்டியில் போட்டுக் காட்டினாய். இந்தப் பாட்டின் பல்லவியை ஒரு தடவை கேட்டதுமே என் வாய் தானாகப் பாடியது. அதற்கு அடியிலோ கிட்டார் ஒரு கணக்கு, டிரம்ஸ் வேறு கணக்கு. எங்கெங்கோ சுற்றிவிட்டு எல்லாம் ஒரே இடத்தில் வந்து இறங்கின. எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் எரிந்தது.

"எப்புடிடா?" என்று கேட்டாய்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. நடுவுல எதுக்குடா லயத்து வீட்டுக் கூரைத் தகரத்துல குரங்கு ஓடுது?"

விழுந்து விழுந்து சிரித்தாய். "அது எங்க டிரம்ஸ் பொடியன்டா. நல்ல கை."

நல்ல கை! என் கையை ஒருநாளாவது அப்படிச் சொல்லியிருப்பாயா? என்னைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லையே உனக்கு! அன்றிலிருந்து அவனுக்கு நான் வைத்த பெயர் தகரம். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் "தகரம் சுகமா?" என்றுதான் கேட்பேன்.

உன் சாவுக்குத் தகரம் வந்திருந்தான். தப்படித்துக்கொண்டு முன்னால் போன என்னை ஒட்டியே நடந்தான். குழியை மூடியபின் பக்கத்தில் வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

"அண்ணே, அந்தப் பாட்டுல ஒரு அடி இல்லதானே?"

"ஒனக்கு வாசிக்கத் தெரியலன்னு நெனச்சேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "நான் அங்க அடிச்சேன் அண்ணே. அவர் ஏசினார். 'கைய வைக்காத, அது தோட்டத்துல ஒருத்தன் எடம்' சொல்லி."

திருட்டுப் பயலே, உயிரோடு இருக்கும்போது என்னிடம் சொல்வதற்கு என்ன வாய்வலி? இப்போதும் எனக்குப் பொறாமைதான். அல்பம் முழுக்க அவனுக்கு. எனக்கு ஒரே ஒரு அடி. ஆனாலும் அதில் அவன் கை வைக்க முடியாது.

இன்று அந்தப் பெண்பிள்ளைகளிடம் பாட்டைத் திரும்பப் போடச் சொன்னேன். பள்ளம் வந்ததும் முன்கண்ணாடிச் சட்டத்தில் ஓங்கி ஒன்று போட்டேன்.

"என்ன மாமா, ஹோர்ன் வேலை செய்யலயா?" என்றாள் ஒருத்தி.

மூன்றாம் முறை அவர்களுக்கும் பிடிபட்டுவிட்டது. மூவரும் வாயை மூடிக்கொண்டு, கையைத் தூக்கிக் காத்திருந்தார்கள்.

"தட்டாதீங்க புள்ள," என்றேன். "அது என் எடம்."