பாலில் கலந்தது

1989 நவம்பர் 6, திங்கள்
விடாத தூறல். குவார்ட்டர்ஸ் முழுக்க ஈரத்துணி நாற்றம். வைகாசியில் அப்பா போனதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. தூக்க மாத்திரை ஆகாது. போன முறை போட்டு, உதடு வீங்கி, மூச்சு அடைத்து, இவர்தான் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார். "இனிமே அந்த மாத்திரை பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர். அதனால் இன்று நாட்டு மருந்துக் கடை. அமுக்கராத் தூள், ஜாதிக்காய். பாலில் கலந்து குடிக்க வேண்டுமாம். தினமும் தானே காய்ச்சித் தருவதாக இவர் சொன்னார். கல்யாணமாகி முதல் தடவையாக அடுப்புப் பக்கம்!

நவ. 9, வியாழன்
தூள் ஒன்றும் செய்யவில்லை. ஏப்பம்தான். இவருக்கும் என்னால் தொல்லை. "நீ எழுந்து எழுந்து நடந்துகிட்டிருந்தா நான் எப்படி டூட்டிக்குப் போறது?" பாவம்தான். உளுந்து, மண்ணெண்ணெய் வாங்கணும்.

நவ. 13, திங்கள்
தூக்கம்! சனிக்கிழமையிலிருந்து, அடித்துப் போட்டாற்போல. அமுக்கரா கைகொடுத்தது என்று அம்மாவுக்கு இன்லேண்ட் லெட்டர் போட்டேன். பக்கத்து வீட்டுக் கமலாவிடமும் ஒரே பெருமை. காலையில் மட்டும் தலை கல்லாய்க் கனக்கிறது. நாக்கில் நமைச்சல். தூளின் சூடாக இருக்கும்.

நவ. 16, வியாழன்
வேலையில், தையல் மிஷின் முன் கண் சொருகிவிட்டது. ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கியது. ரத்தம், கட்டு, பாதி நாள் லீவு. சூப்பர்வைசர்: "இன்னாமா, ஊட்ல தூங்கறதே இல்லியா?" எதைச் சொல்ல!
உதடு தடித்திருக்கிறது. இவரிடம் காட்டினேன். கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "கொசு கடிச்சிருக்கும்." பிறகு பாலை நீட்டினார். குடித்தேன்.

நவ. 18, சனி
கட்டு மாற்றக் கிளினிக். கம்பவுண்டர் சேகர் இவருடைய சிநேகிதர். சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா அண்ணி, மாத்திரை நல்லா வேல செய்தா? தூளோட நுணுக்கிக் குடுக்கறேன்னு அண்ணாத்தே வாங்கிகினு போனாரே."
என்ன மாத்திரை என்றேன். பெயர் சொன்னார். அதே மாத்திரை.
"ஒங்களுக்கு ஆவாதா? அவரு சொல்லவே இல்லியே அண்ணி!" அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.
எப்படி வீடு வந்து சேர்ந்தேனோ.
இவர் மறுக்கவில்லை. "பாதிதான் போட்டேன். தூங்கினே இல்ல?"
"மூச்சு அடைச்சிருந்தா?"
"பக்கத்துலதானே இருந்தேன்."
பக்கத்தில். குறட்டை விட்டுக்கொண்டு.

நவ. 20, திங்கள்
வெயில். துணி எல்லாம் காய்ந்துவிட்டது. மறுபடி தூக்கம் இல்லை. பேச்சும் இல்லை.
அன்று ஆட்டோவில் என்னை மடியில் கிடத்திக்கொண்டு அழுத மனிதர். நான் எந்த மாத்திரைக்கு அப்படியானேன் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். மாத்திரையையாவது என்றாவது மன்னிப்பேன். தடித்த உதட்டை அத்தனை கிட்டேயிருந்து பார்த்துவிட்டுக் கொசு என்றாரே, அதை எங்கே கொண்டு வைப்பது?
சாயங்காலம் காபி போட்டு எடுத்து வந்தார். நான் கையை நீட்டவில்லை. இவர் டம்ளரைத் தூக்கி, தானே ஒரு வாய் குடித்துக் காட்டினார்.
"பாரு. ஒண்ணும் இல்ல."
திரும்ப நீட்டினார்.
நான் எழுந்து போய், எனக்கென்று தனியாகப் பால் வைத்தேன்.