கழித்துப் போட்ட புத்தகங்கள்

போடிநாயக்கனூர்
12-3-1957

அன்பு மகள் செல்லக்கனிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் வாயும் சுகம். நீயும் அங்கே டிக்பாயில் குளிர் காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க நாள் தவறாமல் ஜெபிக்கிறேன். டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுத்துவிடுவதாக எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் கஞ்சி கொடுக்கிறவள் நீயும் ஒரு வாய் குடித்தால் என்னம்மா?

இங்கே பெரிய கூத்து நடந்துவிட்டது. சர்க்கார் பட்ஜெட்டில் செலவைக் குறைக்கிறார்களாம், ஆள் வராத நூலகங்களை மூடப்போகிறார்களாம், நம் ஊர் நூலகத்தைப் பார்த்து முடிவு செய்ய மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று தாக்கல் வந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நீ போன இரண்டு வருஷமாக நான் சாயங்காலம் தவறாமல் அங்கே போய் வருவது உனக்குத் தெரியும். நூலகர் ராக்கையாவின் வருகை ஏட்டில் அன்றாடம் ஏழு பேர்தான், அதில் மூன்று பேர் பஸ்சுக்குக் காத்திருக்கிறவர்கள். உடனே உன் அப்பா தலைமையில் ஒரு கமிட்டி. முதலில் மனு எழுதினார்கள். மாதிரி வைக்காமல் எந்தச் சரக்கு விலைபோகும் என்று கமிட்டியிலிருந்த வியாபாரிகள் கேட்க, மனுவோடு ஒரு கை ஏலக்காயையும் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். பொட்டலம் கிடைத்தது, மனுவைக் காணோம் என்று பதில் வந்தது.

அப்புறம்தான் உன் அப்பாவுக்கு அந்த யோசனை உதித்தது. கிட்டங்கியில் ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்குகிற பெண்கள் நாற்பது பேரைக் கேட்டு அழைத்துவந்து, ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். நானும் உடன் இருந்தேன். அவரும் ராக்கையாவும் மாலையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள், நான் அதிகாரிக்குக் காப்பி போட வீட்டுக்கு வந்தேன். அங்கேதான் பிசகிவிட்டது. காலமெல்லாம் காய் பொறுக்கிய கை சும்மா இருக்குமா? நான் காப்பியோடு திரும்பும்போது அலமாரியில் ஒரு புத்தகம் இல்லை. எல்லாம் தரையில், பருமன் ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், பொடி ஒரு குவியல். அப்போதுதான் அதிகாரியும் உள்ளே நுழைகிறார். பெண்களுக்குத் தலைவி சுந்தரம்மாள் எழுந்து, மொத ரகம் இந்தா இருக்குங்கய்யா, சொத்தையெல்லாம் அந்த மூலையில ஒதுக்கியாச்சு என்று பெருமையாகச் சொல்கிறாள். ராக்கையா அழாத குறை.

முதல் ரகத்தில் யாரும் தொட்டே பார்க்காத சட்டப் புத்தகங்கள், பச்சை அட்டை மெருகு குலையாமல் இருந்தன. அதிகாரி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, மூலையில் கிடந்த கிழிசல் குவியலண்டை போய்க் குந்திவிட்டார். ஏட்டில் ஏழு பேர் என்று இருக்கிறதே, இத்தனை புத்தகத்தையும் இப்படிக் கிழித்தது யார் என்று கேட்டார். அபராதம் போடப்போகிறார் என்று எல்லாருக்கும் பயம். நாங்க தொடவே இல்லைங்கய்யா என்று முதலில் சொன்னவர் யார் தெரியுமா, கமிட்டித் தலைவரான உன் அப்பாதான். இருந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். அப்படியானால் இங்கே யாருமே படிப்பதில்லை, மூடிவிடலாம் என்று அவர் எழுதுகோலை எடுத்துவிட்டார்.

போகிறபோக்கில் அட்லஸைத் திறந்தார். அஸ்ஸாம் பக்கத்தில் ஓர் ஓட்டை. இது யார் வேலை என்றார். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான்தாங்கய்யா, எம்மக அங்க இருக்கா, தெனமும் அவ ஊரத் தொட்டுப் பாப்பேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, வெட்கமாகப் போயிற்று. பிறகு உன் அப்பா, வைத்தியப் புத்தகத்துல மூலவியாதிப் பக்கம் நான் கிழிச்சதுங்க என்றார். அதற்குப்பின் ஊரே வரிசையில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டது. எழுத்துத் தெரியாத சுந்தரம்மாள்கூட, படம் போட்ட புத்தகத்துல அந்த யானைய நான்தாய்யா எடுத்துட்டுப் போனேன், எம்பேரனுக்கு என்றாள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், காப்பி ஆறியே போயிற்று.

நேற்று உத்தரவு வந்தது. நூலகத்தை மூடவில்லை. ஆனால் இந்த வருஷம் புதுப் புத்தகம் கிடையாதாம், ஆகவே புது அட்லஸும் கிடையாது. ராக்கையா ஓட்டைக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிட்டார். எங்கேயாவது ஒரு புள்ளி வைத்துக்கொள் என்கிறார் உன் அப்பா. ஒரு விரற்கடை தள்ளிப்போனால் என் மகள் பர்மாவில் அல்லவா இருப்பாள், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆண்டவர் உன்னைக் கண்மணிபோலக் காப்பார். நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளியை மறக்காதே. அங்கே யாரிடமாவது நல்ல அட்லஸ் இருந்தால், உன் ஊர் அடங்கிய அந்த இடத்தை மட்டும் மெல்லிய தாளில் வரைந்து, புள்ளியை உன் கையாலேயே வைத்து அனுப்பு. இனிமேல் மெதுவாகத்தான் தொடுவேன் என்று ராக்கையாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், முடியுமா என்று தெரியவில்லை.

உன் அம்மா,
ஜே. ஞானபாக்கியம்