அக்கா தங்கை என்று சொன்ன வீடு

மார்ச் 3
நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில், ஒரே குழியில் கைகோத்தபடி கிடைத்த இரண்டு பெண்களின் எலும்புகள் இருக்கின்றன. எந்தக் காலத்திலோ ஒரு அதிகாரி "சகோதரிகள்" என்று அட்டை எழுதி வைத்துவிட்டார். தினமும் தூசி தட்டுகிறேன். நானும் என் காதலி நர்ஸும் வீடு தேடியபோது பொய்யை அங்கிருந்துதான் எடுத்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு நர்ஸ் என் அக்கா. இரண்டு வருடமாக ஒரே கட்டிலில் படுக்கும் அக்கா!

மார்ச் 9
அண்ணன் வந்தான். எழுத முடியல.

மார்ச் 10
அவனை உட்காரவைத்து, "உங்க இன்னொரு தங்கச்சியும் இப்ப வந்துடும் தம்பி" என்றாராம் வீட்டுக்காரம்மா. அவனுக்கு இருப்பது நான் ஒருத்திதான். உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்திருக்கிறான்.

நான் வீடு வந்த கையோடு நர்ஸும் டூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இவதானா எனக்குப் புதுசா பொறந்த தங்கச்சி?" இஸ்திரிப் பெட்டியால் முகத்தில் அடித்தான். தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவளை மிதித்தான். நான் குக்கரை எடுத்து அவன் மண்டையில் போட்டேன். ஒரு தடவை இல்லை. வீட்டுக்காரம்மா பிடித்திராவிட்டால் கொன்றிருப்பேன். வருத்தமா? இல்ல. இப்பகூட இல்ல.

மார்ச் 12
ஸ்டேஷன். தலையில் கட்டோடு அண்ணன் நல்லவன் வேஷம் போடுகிறான்: "ரெண்டும் என் தங்கச்சிங்கதான் சார். கோவத்துல கை நீட்டிட்டேன்." வீட்டுக்காரம்மாவும் ஆமாம் என்றார். "குடும்பச் சண்டை, சமாதானமாப் போங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அடப்பாவி, எங்கள் பொய்யைப் பிடுங்கி எங்களையே அடிக்கிறான்! உண்மையைச் சொன்னால் வீடு போகும், அவள் வேலையும் போகலாம். வாயை மூடிக்கொண்டு வந்தேன். தூ.

மார்ச் 13
தாடைக்குக் கம்பி கட்டிவிட்டார்கள். ஸ்ட்ராவில் பால்.

மார்ச் 14
சொல்லட்டுமா என்று கேட்டேன். இந்த நோட்டையே பிடுங்கி எழுதினாள்:
"சொல்லு. அடி வாங்குனது நான். அவன் தங்கச்சியா வாங்கல."

மார்ச் 15
சொன்னேன். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து மேசையில் ஒருவன் சிரித்தான். எழுதுங்க சார் என்று கத்தினேன். எழுதினார். அண்ணன் உள்ளே.

மார்ச் 29
வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரம்மா. இன்று நான்காவதாக ஒரு வீடு பார்த்தோம். வீட்டுக்காரர் வயதானவர். "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?" நான் வாய் திறப்பதற்குள், கம்பி கட்டிய பல்லிடுக்கில் அவளே சொன்னாள்: "ஜோடி."

அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள்.

கொஞ்ச நேரம் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல ஆரம்பித்தார்.