நெருப்பு சுடாத கால்

கடப்பாக்கம்
4-5-2025

அன்பு மருமகள் டாக்டர் சுஷ்மிதாவுக்கு, தாய்மாமன் ஜெகதீசன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னபடிதான் நடக்கிறது. என் மடியில் உட்காரவைத்து உனக்குக் காது குத்தினபோது, மற்றப் பிள்ளைகள் மாதிரி நீ அழவில்லை. பொட்டு ரத்தம் வந்ததை விரலால் தொட்டுப் பார்த்தாய். "இது டாக்டருக்குத்தான் போகும்"னு அங்கேயே சத்தமாகச் சொன்னேன். ஆசாரியே சாட்சி. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அது வேறு விஷயம். இப்போது நீ செங்கல்பட்டில் ஹவுஸ் சர்ஜன். உன் முதல் ஆபரேஷனே பன்னிரண்டு மணி நேரம் என்று டீக்கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லிவிடாதே.

போனில் பேசினால் உன் ஜோதிலட்சுமி அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். கண்டக்டர் மோகன் உன் ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் கொடுப்பான்.

நேற்று திரௌபதி அம்மன் கோயிலில் காப்புக் கட்டியாச்சு. இருபத்தைந்தாம் தேதி தீமிதி. எனக்கு இது இருபத்திரண்டாம் வருஷம். வழக்கம்போல முதல் ஆள் நான்தான். ஒரு வருஷமாவது சுட்டதா? கிடையாது. போன வருஷம் நடுக்குழியில் திரும்பி போட்டோவுக்குச் சிரித்துவிட்டு வந்தேன். பொம்பளைங்க என் காலில் மஞ்சள் தண்ணி ஊற்றிக் கும்பிட்டார்கள். இரும்புக் கால், சுஷ்மி! போன வாரம்கூட பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறேன். மத்தியான வெயில், தார் ரோடு. இன்னொன்று எங்கே கழன்றதென்றே தெரியவில்லை. உன் அத்தை கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தேன்.

வலது உள்ளங்காலில் ஒரு சின்னப் புண். ரெண்டு மாசமாக ஆறாமல் அடம்பிடிக்கிறது. வலி கிடையாது. நல்ல களிம்பு ஒன்று மோகனிடம் கொடுத்தனுப்பு. இங்கே ஒரு முகாமில் சுகர் முந்நூறு என்றார்கள். மெஷின் பழசு. நான் ஆவாரம்பூ கஷாயம் குடிச்சிக்கினு ஜோரா கீறேன்.

இப்படிக்கு,
உன் மாமன் ஜெகதீசன்


செங்கல்பட்டு
7-5-2025

அன்புள்ள மாமாவுக்கு,

களிம்பு அனுப்பவில்லை. கோபப்படாமல் முழுக்கப் படியுங்கள்.

நான் இதுவரை தனியாகச் செய்த பெரிய ஆபரேஷன், கட்டுப் பிரித்துக் கட்டுவதுதான். காலையில் சர்ஜரி வார்டுக்குள் போனால் வரிசையாகக் கால்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் முடிக்காவிட்டால் எல்லார் முன்னாலும் திட்டு. என்கூட வேலை செய்யும் ஷாரோன் போன வாரம் நின்றபடியே தூங்கிவிட்டாள்.

பன்னிரண்டாம் பெட்டில் வேண்டா என்ற பெயரில் ஒரு அம்மா. மணிலாக் கொல்லையில் கடலை பறித்தவர். காலில் முள் ஏறி ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்திருக்கிறார். "வலிக்கவே இல்லியே கண்ணு, வலிச்சிருந்தா வந்திருப்பனே" என்கிறார். மூன்று விரல்களை எடுத்தாகிவிட்டது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது புண் இல்லை மாமா, செருப்பு. செருப்புக் கழன்றது தெரியாத கால் இரும்புக் கால் இல்லை. சுகர் நரம்பைத் தின்றுவிட்ட கால். அது அருளும் இல்லை. நெருப்பு சுட்டுக்கொண்டுதான் இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். அத்தை உங்கள் கால் விரல்களில் ஆறு தடவை, அழுத்தாமல், லேசாகத் தொடட்டும். எந்த விரல் என்று சொல்லுங்கள். இங்கே சுகர்காரர்களைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை. அப்புறம் ஒரு செவ்வாய் வெறும் வயிற்றோடு வாருங்கள். இந்த வருஷம் பூ மிதிக்காதீர்கள்.

அன்புடன்,
சுஷ்மிதா


கடப்பாக்கம்
11-5-2025

டாக்டர் அம்மாவுக்கு,

நீ இப்படித்தான் எழுதுவாய் என்று எனக்கு முன்னமே தெரியும். சோதனை முடிந்தது. ஆறுக்கு ஆறு! எட்டாவது பரீட்சையில்கூட நான் இப்படி வாங்கினதில்லை.

இன்னா நெனச்சிக்கினு கீறே நீ? முதல் ஆளாக இறங்குகிறவன் இறங்காமல் நின்றால் ஊர் என்ன பேசும்? விரதத்தில் ஏதோ தப்புப் பண்ணிட்டான் என்று பேசும். ஜெகதீசனுக்குப் பயம் வந்துடுச்சு என்று பேசும். இந்தச் சதாசிவம் பத்து வருஷமாக ரெண்டாவது ஆளாக என் முதுகைப் பார்த்துக்கொண்டே வருகிறான். "அண்ணாத்த, நொண்டுற மாதிரி கீது. சிரமம்னா சொல்லு, நான் முன்னால போறேன்"னு நேற்று கேட்டேவிட்டான். எவன் கேட்டான் இவனை?

கட்டின காப்பைக் கழற்றமாட்டேன். அந்த அம்மா வேறு, நான் வேறு. நீ ஊருக்கெல்லாம் டாக்டராக இரு. எனக்கு நான்தான் டாக்டர். செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இருக்கிறது. எல்லாச் செவ்வாயும் இருக்கிறது.

ஜெகதீசன்


செங்கல்பட்டு
15-5-2025

மாமா,

அத்தைக்குப் போன் செய்தேன். "அஞ்சு தடவ தொட்டேன், கண்ண தொறந்து தொறந்து பாத்து சொன்னாரு. ஆறாவது தடவ நான் தொடவே இல்லடி, கைய தூக்கி வச்சிக்கினு சும்மா இருந்தேன். அதுக்கும் சுண்டு விரல்னு கத்துறாரு" என்றார்.

காது குத்தினபோது ஊரே கேட்கும்படி நான் அழுததாக அம்மா சொல்கிறார். அதுவும் இருக்கட்டும்.

காப்பைக் கழற்றச் சொல்லவில்லை. விரதத்தை முடியுங்கள். குழி முனையில் வேப்பிலையோடு நின்று, முதல் ஆளை நீங்களே அனுப்பிவையுங்கள். அது முடியாது என்றால் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஷாரோனிடம் டியூட்டி மாற்றிக்கொண்டேன். இருபத்தைந்தாம் தேதி வருகிறேன். நீங்கள் இறங்கினால் உங்கள் பின்னாலேயே நானும் இறங்குவேன். நான் காப்புக் கட்டவில்லை, விரதம் இல்லை. அம்மனுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். என் கால் நல்ல கால் மாமா. எனக்குச் சுடும். அந்தப் பக்கம் போனதும் திரும்பிப் பாருங்கள்.

உங்கள் மடியில் உட்கார்ந்து அழுதவள்,
சுஷ்மிதா


கடப்பாக்கம்
26-5-2025

அன்பு மருமகளுக்கு,

நாளைக்குச் செவ்வாய். முதல் பஸ்ஸில் அத்தையோடு வருகிறேன், வெறும் வயிற்றோடு. இந்தக் கடிதத்தை நானே உன் கையில் கொடுப்பேன். நான் அந்தப் பக்கம் போனபிறகு படி.

நேற்று தீமிதி முடிந்த கையோடு நீ பஸ் ஏறிவிட்டாய். குழி முனையில் நான் நின்றபோது, பின்னால் நீ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாயே, அந்தச் சத்தம் பம்பைச் சத்தத்தையும் மீறி என் காதில் விழுந்தது. பிடிவாதத்தில் நீ என் தங்கை பெண் இல்லை, என் பெண்.

வேப்பிலையைச் சதாசிவம் கையில் திணித்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்தாயா? பத்து வருஷமாக ஏங்கின இடம், அவனுக்குக் கால் நகரவில்லை. இப்போது ஊர்ப் பேச்சு என்ன தெரியுமா? அம்மனே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து ஜெகதீசனை நிறுத்தினாளாம். கிளப்பினது நான்தான். நாலு பேர் நான் பயந்துவிட்டேன் என்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும், போ! நாளைக்கு ஆஸ்பத்திரி வரிசையில்தான் நிற்பேன். மருமகள் இங்கே டாக்டர் என்று ஒருத்தரிடமும் சொல்லமாட்டேன், பத்துப் பேரைத் தவிர. விரலை எடுக்கணும் என்று எவனாவது சொன்னால் சண்டை போடுவேன். நீ என் பக்கம் நிற்கணும்.

இன்று காலையில் சதாசிவம் வந்தான். கால் கொப்பளித்திருக்கிறது. "அண்ணாத்த, மொத ஆளா போனா இம்மாம் சூடாவா இருக்கும்? ஒனக்கு மட்டும் எப்படி சுடல?"ன்னு கேட்டான். அம்மனைக் கேளு என்று அனுப்பிவிட்டேன்.

உனக்குச் சொல்கிறேன். சுடவே இல்லை என்று வருஷா வருஷம் சொன்னேனே, அது நான் கட்டிவிட்ட கதை. இருபது வருஷமும் சுட்டது. நன்றாகவே சுட்டது. சிரித்துக்கொண்டே கரையேறி, யாரும் பார்க்காத இடமாகப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். போன வருஷம் ஒரு தடவைதான் நிஜமாகவே சுடவில்லை. எல்லாரும் என் காலைக் கும்பிட்டார்கள். எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

உன் மாமன்,
ஜெகதீசன்