கணிதப் பிரிவுக்கு ஐந்து பேர்

92 வைகாசி 11, திங்கள்

காலையிலேயே வெக்கை. கிணற்றில் தண்ணீர் அடியில். ஓ.எல். சோதனை ரிசல்ட்ஸ் வந்துவிட்டது. ஆறு டி (அதுதான் ஆகத் திறம்), இரண்டு சி. கணிதம் டி. (ஆங்கிலம் சி. பரவாயில்லை, நான் யாரோடு ஆங்கிலம் கதைக்கப் போகிறேன்.)

சுகந்திக்கும் கணிதம் டி. ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே வாங்கில் இருக்கிறோம், அதனால்தான் ஒரே ரிசல்ட் என்று அதிபர் பகிடி விட்டார். பகிடி முடிந்ததும் ஏ.எல். வகுப்பில் சேருகிற படிவம். அச்சடிக்கக் கடுதாசி இல்லை. கொப்பித் தாளில் பாதி, கையால் கோடு கீறி, ஆளுக்கு ஒன்று. பெயர், பிரிவு, தகப்பன் கையொப்பம். வருகிற திங்கள் கொடுக்க வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல், வர்த்தகம், கலை மட்டும். கணிதப் பிரிவு இல்லை. கணித ரீச்சர் (இனி க.ரீ., தாள் மிச்சம்) மூன்று வருடம் சண்டை பிடித்து அதிபரிடம் ஒரு வாக்கு வாங்கியிருக்கிறார். ஐந்து பேர் சேர்ந்தால் இந்த வருடம் தொடங்கலாம்.

"நாலு பேரெண்டால் என்னட்டை வரவேண்டாம் ரீச்சர்," என்று அதிபர் சொன்னது வகுப்புக்கே கேட்டது.

12, செவ்வாய்

ஐந்து பேர் சேர்ந்துவிட்டோம்! சுகந்தி, நான், பி வகுப்பில் மூன்று பேர். க.ரீ. ஐந்து பெயரையும் கரும்பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடு கீறினார்.

"ஒருத்தியும் பின்வாங்கக் கூடாது. விளங்குதோ?"

"ஓம் ரீச்சர்." ஐந்து பேரும், ஒரே குரலில்.

சுகந்திக்கு வேறு வழியே இல்லை. கணிதம் உள்ள மற்றப் பள்ளிக்கூடம் ரவுணில். குண்டு போட பொம்மர் சுற்றுகிற காலத்தில் அவ்வளவு தூரம் சைக்கிளில் விடமாட்டேன் என்று அவளுடைய தகப்பன் முடிவாகச் சொல்லிவிட்டார். உயிரியல் அவளுக்குச் சரிவராது, இரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற ஆள். இங்கே கணிதம் தொடங்காவிட்டால் வர்த்தகம்தான்.

வீட்டில் சொன்னேன். அம்மா வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார்.

"பொம்பிளைப் பிள்ளை இஞ்சினியராகி என்ன, றோட்டிலை நிண்டு தார் ஊத்தப் போறியோ? பயோ செய். டொக்டர் எண்டால் சனம் எழும்பி நிண்டு மரியாதை குடுக்கும்."

"எனக்குப் பாடமாக்க ஏலாதம்மா. கணக்குத்தான் விருப்பம்."

"விருப்பமாம்."

அப்பா வாய் திறக்கவில்லை. அப்பா மிகவும் நல்லவர். வாய் மட்டும் திறக்கமாட்டார்.

14, வியாழன்

படிவம் சாமித்தட்டில் கிடக்கிறது, கையொப்பம் இல்லாமல். அப்பா கடைசியில் வாய் திறந்தார். "கனடாவுக்கு எழுதித் தம்பியைக் கேப்பம்."

தம்பி என்றால் அவருக்கு மகன், எனக்கு அண்ணை. கடிதம் போக ஒரு மாதம், பதில் வர ஒரு மாதம். வழியில் தொலையாவிட்டால். அண்ணை ஓ.எல். கணிதத்தில் வெறும் எஸ், அருந்தப்பில் பாஸ். அவரைக் கேட்க வேண்டுமாம்!

திங்கட்கிழமைக்குள் பதில் வராது என்று விளங்கியதும் அம்மா: "அப்ப பூக்கட்டிப் பாப்பம். பிள்ளையாரே சொல்லட்டும்."

அண்ணையை வெளிநாடு அனுப்பியதும் இப்படித்தான். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, மற்றதில் வெள்ளை. சாமியின் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. சிவப்பு வந்தால் கணக்கு, வெள்ளை வந்தால் பயோ. அம்மாதான் சொன்னார், அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு வெள்ளி, நல்ல நாள். பூப் பிடுங்கிக் கட்டுவது என் வேலை.

என் வேலை!

15, வெள்ளி

எழுத மனம் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஐந்தரைக்கு எழும்பிப் பூப் பிடுங்கினேன். இரண்டு பொட்டலத்துக்குள்ளும் சிவப்புச் செவ்வரத்தை மொட்டு. வாழையிலைத் துண்டு, வாழைநார், ஒரே மாதிரி முடிச்சு. வெள்ளைக்கென்று பிடுங்கிய நந்தியாவட்டையை வேலிக்கு அப்பால் எறிந்தேன். பிள்ளையாருக்கு என் விருப்பம் தெரியும்தானே, இது அவருக்கு ஒரு சின்ன உதவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோயிலில் ஐயர் இரண்டு பொட்டலத்தையும் உள்ளே கொண்டுபோய் வைத்தார். பூசை முடிந்து தட்டோடு வெளியே வந்து கேட்டார்: "எந்த நிறம் எதுக்கு?"

அம்மா கைகூப்பி, கண்ணை மூடியபடி: "வெள்ளை வந்தால் கணக்கு. சிவப்பு வந்தால் டொக்டர்."

அப்பா திரும்பினார். "இஞ்சரும், வீட்டிலை மாறியெல்லோ சொன்னனீர்?"

"வாயிலை இப்பிடி வந்திட்டுது. சந்நிதியிலை சொன்னதை மாத்தக் கூடாது."

ஐயரும் மாற்றக் கூடாது என்றார்.

நான் "பொறுங்கோ" என்று கத்தியிருக்க வேண்டும். என்னவென்று சொல்வது? சாமியை ஏமாற்றினேன் என்றா? அப்பா இடது பக்கத்துப் பொட்டலத்தைத் தொட்டு, கையை இழுத்து, யோசித்து, வலது பக்கத்தை எடுத்தார். பாவம், எனக்காகத்தான் அவ்வளவு யோசித்திருக்கிறார்.

சிவப்பு.

அம்மா சந்தோசத்தில் அழுதார். நானும் அழுதேன். பக்தி என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற ஒருவர் என் தலையைத் தடவிவிட்டார். மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கிற வழக்கமில்லை. ஐயர் அதைப் பழைய பூக்களோடு போட்டுவிட்டார்.

16, சனி

அப்பா படிவத்தை நிரப்பிக் கையொப்பம் வைத்தார். பிரிவு: உயிரியல். அப்பாவின் எழுத்து எப்போதும் அழகு.

பொம்மர் இரண்டு தரம். பங்கருக்குள் பக்கத்து வீட்டு அன்ரிக்கு அம்மா பிள்ளையார் கதை சொன்னார். நேற்றிலிருந்து இவர் ஐந்தாவது ஆள். குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. அன்ரி கன்னத்தில் போட்டுக்கொண்டார், குண்டுக்கா பிள்ளையாருக்கா தெரியாது.

பின்னேரம் சுகந்தி வந்தாள். "பூக்கட்டிப் பாத்தனாங்கள். பயோ எண்டு வந்திட்டுது" என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சைக்கிள் பெல்லைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"சாமி சொன்னால் நீ என்னடி செய்யிறது? உன்னிலை பிழையில்லை."

வேறு ஆள் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். என்னை நினைக்க எனக்கே அருவருப்பு.

17, ஞாயிறு

சீனி இல்லை, பனங்கட்டியோடு தேநீர். அம்மா எனக்குப் பேன் பார்த்தார். முகம் அவர் மடியில் கவிழ்ந்திருந்தது. முகத்தைப் பார்க்கத் தேவையில்லாததால் சொல்லிவிட்டேன்.

"அம்மா, ரெண்டு பொட்டலத்திலையும் சிவப்புத்தான் வைச்சனான்."

கை நின்றது. அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழுந்திருந்தால் நல்லது, படிவத்தைக் கிழித்துப் புதிதாகத் தொடங்கலாம்.

"நீ ரெண்டிலையும் சிவப்பு வைக்க, என்ரை வாயிலை மாறி வரப் பண்ணினது ஆர்?"

"அம்மா..."

"உன்ரை கள்ளம் அவருக்குத் தெரியாதே? அசையாமல் இரு, பேன் ஓடுது."

நான் பூப் பிடுங்கியதை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஓம் என்றாலும் இல்லை என்றாலும் படிவம் மாறப்போவதில்லை. இதை வெல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்பாவிடமும் போய்ச் சொன்னேன். சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "கொம்மா அவ்வளவு ஆசைப்பட்டிட்டா பிள்ளை," என்றார். பிறகு மற்றச் சில்லுக்கும் எண்ணெய் விட்டார்.

18, திங்கள்

படிவம் கொடுத்தாயிற்று.

உயிரியல் முப்பத்தொன்று.
கணிதம் நாலு.

சுகந்தி காலையிலிருந்து வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கிக் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தியும் வரவில்லை. க.ரீ. என்னை ஒன்றும் கேட்கவில்லை, பார்க்கவும் இல்லை. நாலு படிவத்தோடு அதிபரின் அறைக்குள் போனவர் ஐந்து நிமிடத்தில் அதே நாலோடு திரும்பி வந்தார்.

"வேறை பிரிவு எழுதித் தாங்கோ பிள்ளையள்."

அழிறப்பர் ஒன்றுதான் இருந்தது, என்னுடையது. நாலு பேரும் மாறி மாறி வாங்கி அழித்தார்கள். சுகந்தி "தாங்ஸ்" சொல்லித் திருப்பித் தந்தாள்.

19, செவ்வாய்

உயிரியல் முதல் நாள். தாவரவியல், கலம் (ஆங்கிலத்தில் செல்). படம் கீறிப் பெயர் குறிக்க வேண்டும். நாளைக்குள் எல்லாப் பெயரும் பாடம்.

இடைவேளையில் சுகந்தியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டு, முடிச்சு, அம்மாவின் வாய், பேன். ஏசுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். கணக்கியல் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி கடைசி வரை கேட்டாள்.

"நீ ஒழுங்கா ஒண்டு சிவப்பு, ஒண்டு வெள்ளை வைச்சிருந்தால்?"

"வைச்சிருந்தால்?"

"உன்ரை அம்மா எப்பிடி மாத்திச் சொன்னாலும் நிகழ்தகவு அரை. எங்கள் நாலு பேருக்கும் அந்த அரை இருந்தது. நீ அதைப் பூச்சியமாக்கிப்போட்டாய்."

விடை சரி. மணி அடித்தது. அவள் வர்த்தக வகுப்புக்குப் போனாள்.